அண்டால்யா வெயிலைத் தேடிக் கோர்ஃபக்கானுக்கு

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அமீரகத்தின் கிழக்குக் கடற்கரை ஊரான கோர்ஃபக்கான் போய் வந்தேன். ஜூலையில் கோர்ஃபக்கானுக்கு எவனாவது போவானா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போகமாட்டான்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கடற்கரையில் பாய் விரிக்க இடம் கிடைக்காது. ஜூலையில் மொத்தக் கடற்கரையும் நமக்கே. நான் குளிக்கவோ படகில் ஏறவோ போகவில்லை, வெயிலில் நிற்கப் போனேன். அதுவும் கோர்ஃபக்கான் வெயிலைத் தெரிந்துகொள்வதற்காக இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் துருக்கி நகரமான அண்டால்யாவின் வெயிலுக்காக. குழம்ப வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன்.

துபாயில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வெப்பநிலைச் சந்தை என்று ஒன்று இருக்கிறது. ஓர் ஊரில் நாளை அதிகபட்ச வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுமா, தாண்டாதா என்பதற்கு விலை வைத்து வாங்குவார்கள், விற்பார்கள். வெயில் ஏறினால் நஷ்டப்படுகிறவர்களும், ஏறாவிட்டால் நஷ்டப்படுகிறவர்களும் தங்களைக் காத்துக்கொள்ள அங்கே வருகிறார்கள். மின்சாரம் விற்பவர், விடுதி நடத்துபவர், ஐஸ்கிரீம் விற்பவர் என்று பல ரகம். நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. நாளை எத்தனை டிகிரி என்று காலை பத்து மணிக்குள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில், ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் என் மாமனார் இதைச் சூது என்றே இன்றுவரை நம்புகிறார். ரேடியோவில் வானிலை சொல்பவரும் நானும் ஒன்றுதான் மாமா என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். அவர் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.

என் பொறுப்பில் இருக்கும் ஒரே ஊர் அண்டால்யா. இரண்டு வருடமாக அதன் காற்றையும் ஈரத்தையும் மேகத்தையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் தெரு எங்கே திரும்பும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் போனதில்லை. சந்தைக்கு ஊரின் வெயில் முழுவதும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விமான நிலையத்தின் புல்வெளியில் நிற்கும் கருவி என்ன எண் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. தெருவில் நடப்பவனுக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் விலை வைப்பதில்லை.

ஜூன் கடைசியில் ஒரு தப்பு செய்தேன். அடுத்த சில நாட்களுக்கு அண்டால்யாவில் வடக்குக் காற்று வீசும் என்று தெரிந்தது. கணினிக் கணிப்பு நாற்பத்தொன்று என்றது. நான் நம்பவில்லை. வடக்கிலிருந்து வரும் காற்று குளிராமல் வேறென்ன செய்யும்? எங்கள் ஊரில் வடக்குக் காற்று என்றால் வாடை, மார்கழியில் போர்வையை இழுத்துப் போர்த்த வைக்கும். நான் குடியிருக்கும் ஷார்ஜாவிலும் வடமேற்குக் காற்று கடலைத் தாண்டி வருகிற நாளில்தான் வெப்பம் கொஞ்சம் இறங்கும். ஆகவே கணினியைவிட நான் கெட்டிக்காரன் என்று முப்பத்தேழாகத் திருத்தி அனுப்பினேன். மறுநாள் கருவி காட்டியது நாற்பத்து மூன்று. பிடிவாதமாக அடுத்த நாளும் அதையே செய்தேன். அன்றும் நாற்பத்து மூன்று.

என் மேலாளர் கெய்ரோக்காரர், கத்துகிற ஆள் இல்லை. கீழே கூட்டிப் போய்க் காபி வாங்கிக் கொடுத்து, இன்னொரு முறை இப்படியானால் அண்டால்யாவை வேறு கிளைக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். அண்டால்யா போனால் நானும் போக வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. காபி ஆறிப்போகும்வரை நானே அதைச் சொல்லிக்கொண்டேன்.

வேலை போவதில் எனக்கு இருந்த பயம் சம்பளத்தைப் பற்றியது மட்டும் இல்லை. என் மனைவி ரிஸ்வானாவும் மகள் அஸ்மாவும் ஆகஸ்ட் கடைசியில் இங்கே பள்ளி திறக்கும்போது வந்துவிடுவது என்று திட்டம். வேலை நிலைத்தால்தான் குடும்ப விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்க முடியும். அதை நம்பி ஷார்ஜா முவைலாவில் இரண்டு அறை வீடு ஒன்றை முன்கூட்டியே எடுத்துவிட்டேன். அஸ்மாவுக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, அவள் வந்து பிரிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். தூசு துடைக்கப் போகும்போது கை பட்டால் அந்த உறை சரசரக்கும். வீட்டில் ஏசியைத் தவிர வேறு சத்தம் அது ஒன்றுதான். நான்கு பேரோடு ஒரே அறையில் கிடந்த காலத்தில் எப்போதடா தனியாக இருப்போம் என்று ஏங்கியவன் நான். தனி வீடு இவ்வளவு கனக்கும் என்று அப்போது தெரியாது.

ரிஸ்வானாவும் முழு மனதாகச் சரி என்று சொல்லியிருக்கவில்லை. வளைகுடாவில் இருப்பவனுக்கு வரும் வீட்டுப் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். “வெயிலு எப்புடி மச்சான்?” என்பாள். நான் டிகிரி சொல்வேன், கூடவே ஈரப்பதமும். “ம்” என்பாள். வருவதைப் பற்றிக் கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பாள். பள்ளிக் கட்டணம், பள்ளிப் பேருந்து வரும் நேரம், அறையின் நீள அகலம், பக்கத்து மளிகைக் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கிற விவரம் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தேன். எதுவும் விட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை.

அண்டால்யாவை நேரில் பார்த்துவிடலாம் என்று துருக்கி விசாவுக்கு முயன்றேன். ஆகஸ்ட் பாதிவரை நேர்காணலுக்கு இடமே இல்லை. அதற்குள் என் கதை முடிந்துவிடும். வரைபடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் கோர்ஃபக்கான் கண்ணில் பட்டது. அண்டால்யாவுக்கு முன்னே கடல், முதுகுக்குப் பின்னே மலை. கோர்ஃபக்கானுக்கும் அப்படியே. அங்கே மலை வடக்கே இருக்கிறது, இங்கே மேற்கே இருக்கிறது. வரைபடத்தைத் திருப்பி வைத்தால் சொந்தக்காரர்கள் போல இருந்தார்கள். மலைப்பக்கமிருந்து காற்று வரும் நாளாகப் பார்த்து, கோர்ஃபக்கானில் போய் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமை மதியம் காற்று மேற்கே திரும்பும் என்று கணிப்பு சொன்னது.

வண்டி முருகையா அண்ணனுடையது. வாரநாட்களில் என்னையும் இன்னும் மூன்று பேரையும் துபாய் ஆபீஸுக்குக் கொண்டுபோய்விடும் கார் லிஃப்ட்காரர், தென்காசிப் பக்கம். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது திர்ஹம் பேசினோம். என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். வெயில் பார்க்க என்றேன். கண்ணாடி வழியாக ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

முவைலாவில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், நிற்காமல் போனால் ஒன்றேகால் மணி நேரம். முதல் பாதி மணல், அங்கங்கே ஒட்டகத்துக்குக் கட்டிய கம்பிவேலி. பிறகு மலை தொடங்குகிறது. மரமோ புல்லோ கிடையாது, கரிய பாறை மட்டும். சாலை நன்றாக இருக்கிறது, வரிசையாகச் சுரங்கப்பாதைகள் வரும். மலை ஏறும்போது வண்டி திணறுகிறது என்று அண்ணன் ஏசியை அணைத்து சன்னலை இறக்கினார். இங்கே வந்து இத்தனை வருடத்தில் ஜூலை மாதக் காற்றை முகத்தில் வாங்கியது அநேகமாக அதுதான் முதல் தடவை. நாமெல்லாம் வீட்டு ஏசியிலிருந்து வண்டி ஏசிக்கும், அங்கிருந்து ஆபீஸ் ஏசிக்கும் தாவுகிறவர்கள். மலைக்கு நடுவே ஓர் அணை இருக்கிறது. அங்கே நிறுத்தி, ஏலக்காய் போட்டுக் கடுப்பமாகக் காய்ச்சும் கரக் டீ குடித்தோம்.

எட்டே முக்காலுக்குக் கோர்ஃபக்கான் கடற்கரைச் சாலை. பிறை போல வளைந்த கடல், பின்னாலேயே மலை. ஊர் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. மலையாளி ஒருவர் நடத்தும் கஃபட்டேரியாவில் பரோட்டாவும் முட்டையும் இருவருக்கும் சேர்த்துப் பதினெட்டு திர்ஹம். பிறகு பூங்காவில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து, கையில் கொண்டுபோன சிறிய வெப்பமானியைக் கிளையில் தொங்கவிட்டேன். முப்பத்தைந்து டிகிரி. கிழக்கே கடலிலிருந்து காற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்த நிமிடமே மறுபடி மங்கியது. டிகிரி குறைவு, அவஸ்தை அதிகம். பதினோரு மணிக்கும் முப்பத்தாறுதான், கடற்காற்று அதற்கு மேல் ஏறவிடவில்லை. அண்டால்யாவில் பாதிக் கோடை இப்படித்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதிக்காகக் காத்திருந்தேன்.

காத்திருப்பது எப்படி என்று கேட்காதீர்கள். முருகையா அண்ணன் வண்டிக்குள் ஏசி போட்டுத் தூங்கிவிட்டார். கடற்கரையில் ஒரு ஆள் இல்லை. வாடகைப் படகுகளை மணலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் ஒன்று காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அஸ்மா இருந்திருந்தால் அந்தச் சூட்டிலும் அதில் ஏறியிருப்பாள், ரிஸ்வானா அவளைத் திட்டியிருப்பாள், நான் இருவருக்கும் நடுவில் நின்றிருப்பேன். ஒரு படம் எடுத்து அனுப்பினேன். “அழகா இருக்கு, யாருமே இல்லையே” என்று பதில் வந்தது. முப்பத்தாறு டிகிரி என்று எழுதி அனுப்பினேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் கடற்காற்று நின்றது. ஊஞ்சல் நின்றது. கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு மலைப்பக்கமிருந்து முதல் காற்று வந்தது. முருகையா அண்ணன் எழுந்து, சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தை மலைக்குத் திருப்பி நின்றார்.

“மேக்கே மலையில இருந்து காத்து திரும்பிட்டு பாய். இனி பாருங்க, குளுகுளுன்னு வந்துரும்.”

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றிவிட்டுக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அவருடைய முகம் மாறியது. காற்றில் ஈரம் துளியும் இல்லை. என் சட்டை முதுகிலேயே காய்ந்து உப்புக்கோடு விட்டது, உதடு இழுத்துக்கொண்டது. வெப்பமானி முப்பத்தெட்டு என்றது, நாற்பது என்றது, பன்னிரண்டரைக்கு நாற்பத்து மூன்று. நண்பகல் ஓய்வுக்காக மரத்தடியில் படுத்திருந்த பூங்காத் தொழிலாளர்கள் எழுந்து, துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கட்டடத்தின் மறுபக்கம் போனார்கள்.

“என்ன பாய் இது, அடுப்பத் தெறந்த மாதிரி அடிக்கி,” என்றார் முருகையா அண்ணன். அவருக்கு உண்மையிலேயே மனவருத்தம். “எங்கூருல ஆனி, ஆடியில மேக்கத்திக் காத்துன்னா சாரல்லா! மலையத் தாண்டி வந்தா உடம்பெல்லாம் நனைஞ்சிரும்.”

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரிலும் அதே ஆனி, ஆடியில் அதே மேற்குக் காற்றுதான் அடிக்கிறது. கச்சான் என்போம். மண்ணை வாரி இறைக்கும், உதட்டை வெடிக்க வைக்கும், கொடியில் போட்ட துணி எடுத்து மடிக்கிற நேரத்தில் மொரமொரவென்று நிற்கும். அவருக்குச் சாரல், எனக்குக் கச்சான். மலையில் ஏறும்போது ஈரத்தையெல்லாம் அவர் ஊர்ப்பக்கம் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு கீழே இறங்கி, இறங்க இறங்கச் சூடாகி எங்கள் கடற்கரைக்கு வருகிற ஒரே காற்று அது. இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க் காற்று வேறு, உங்கள் ஊர்க் காற்று வேறு என்றார். ஆளில்லாத கடற்கரையில் இரண்டு பேரும் வெந்துகொண்டே அரை மணி நேரம் அதைப் பேசினோம்.

பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சற்றுமுன் சட்டைப் பொத்தானைக் கழற்றியதும், நான் ஜூனில் நாற்பத்தொன்றை முப்பத்தேழாகத் திருத்தியதும் ஒரே காரியம். அவர் கோர்ஃபக்கான் மலைக்குத் தென்காசியைப் போர்த்திப் பார்த்தார். நான் அண்டால்யாவின் வடக்குக் காற்றுக்கு எங்கள் ஊர் வாடையைப் போர்த்திப் பார்த்தேன். அதுவோ அண்டால்யாவுக்குப் பின்னால் நிற்கும் டாரஸ் மலையில் ஏறி, மறுபக்கம் கடலை நோக்கி இறங்கும்போது காய்ந்து சூடேறி வருவது. வடக்கிலிருந்து வந்தாலும் குணத்தில் கச்சான். திசையின் பெயரைப் பார்த்து ஏமாந்துபோனேன், அது எதைத் தாண்டி வருகிறது என்று பார்க்கவில்லை. சிறுவயதிலிருந்து உதடு வெடிக்க அனுபவித்த ஒன்றைத் திரையில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை என்பதில் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்குத் திரும்பினோம்.  வழியில் சுரங்கப்பாதை ஒன்றைக் கடந்ததும் முருகையா அண்ணன், “இந்த வருசம் லீவு இல்ல பாய். சாரல வீடியோவுலதான் பாத்துக்கிடணும்,” என்றார்.  

போக நினைப்பவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். பேருந்தில் போகலாம், ஷார்ஜா ஜுபைல் நிலையத்திலிருந்து கிளம்புகிறது, ஆனால் நேரம் கூடுதல் ஆகும், அன்றைய நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். சும்மா சுற்றிப் பார்ப்பதற்கு நவம்பருக்குப் பிறகு போங்கள். என்னைப் போல வெப்பநிலை வேலையில் இருந்துகொண்டு மத்தியதரைக் கடலோர ஊர் ஒன்றைப் பார்க்கிறவர் என்றால் ஜூலைக்கு மிஞ்சியது இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, நனைக்க ஒரு துண்டு. வெப்பமானியை நிழலில் தொங்கவிடுங்கள், வண்டியின் முகப்பு காட்டும் டிகிரியை நம்பாதீர்கள். மலைக்காற்று தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்க வேண்டாம். அன்று இரவு எனக்குத் தலைவலி வந்து படுத்துவிட்டேன். உங்கள் ஊர் எதுவானாலும், காற்று வரும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடலா, மலையா, பாலைவனமா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வருட வேலையில் நான் கற்றது இந்த ஒரு வரிதான்.

அடுத்த வாரத்திலேயே அண்டால்யாவில் மறுபடி வடக்குக் காற்று என்று கணிப்பு வந்தது. கணினி நாற்பத்தொன்று என்றது. இந்த முறை நான் அதையும் விட மேலே போய் நாற்பத்து மூன்று என்று எழுதினேன். மேலாளர் என் மேசைக்கு வந்து நின்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டார். காற்று மலையிறங்கி வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மதியம்வரை நான் திரையை விட்டு எழவில்லை. அண்டால்யா விமான நிலையத்துக் கருவி பிற்பகலில் நாற்பத்து மூன்றைத் தொட்டது. மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குடும்ப விசாவுக்குக் கடிதம் தரச் சொல்லி ஆபீஸில் அன்றே சொல்லிவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ரிஸ்வானாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் வழக்கம்போல வெயில் எப்படி என்றாள். இங்கே எத்தனை, அண்டால்யாவில் எத்தனை என்று தொடங்கி, மலை, காற்று, கச்சான், கடிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.  முடிந்ததும் அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“சந்தோசம் மச்சான். இப்ப டிகிரி சொல்லாம சொல்லுங்க. அங்க எப்புடி இருக்கு?”

பள்ளிப் பேருந்து நேரத்தைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். அறையின் அளவையும் அனுப்பியாகிவிட்டது. வாசலில் நின்றபடியே அஸ்மாவின் கட்டில் தெரிந்தது.

“தனியா இருக்கு,” என்றேன்.

 அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

“இத ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நாளைக்கு ஸ்கூல்ல டீசிக்கு எழுதிக் குடுக்குறேன். நீங்க டிக்கெட்டப் பாருங்க.”

போனை வைத்துவிட்டு அந்த அறைக்குள் போனேன். அஸ்மா வரும்வரை பொறுக்காமல், மெத்தையின் பிளாஸ்டிக் உறையை ஒரு முனையிலிருந்து கிழித்து, முழுவதையும் சுருட்டி, கீழே தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை.